1860 அமெரிக்க அதிபர் தேர்தல்: வரைபடத்தை வாசிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆபிரகாம் லிங்கன் வென்ற 1860 தேர்தலின் மாநிலவாரி முடிவுகளைத்தான், தேர்தல் தரவுகளைக் கையாளப் பழகுவோருக்கு முதல் பயிற்சியாகக் கொடுத்து வருகிறேன். கூட்டல் பிழைகளையும் பெயர்ப் பிழைகளையும் அவர்கள் தாமே திருத்திக்கொள்கிறார்கள். கீழே உள்ளவற்றில்தான் ஒவ்வொரு குழுவும் இடறுகிறது.

வெற்றுக் கட்டத்தில் 0 இடுவது

தெற்கே பத்து மாநிலங்களில் லிங்கனின் பெயருக்கு நேரே எண்ணே இருக்காது. அண்மையில் ஒரு மாணவி அந்தக் கட்டங்கள் அனைத்திலும் 0 என்று நிரப்பி, அதிலிருந்து 'தெற்கில் லிங்கனின் சராசரி ஆதரவு' என்று தசமப் புள்ளியோடு ஓர் எண்ணையும் கணக்கிட்டு வந்தார். வேறெந்தத் தவறைக் கண்டும் எனக்கு இவ்வளவு எரிச்சல் வருவதில்லை. அக்காலத்தில் வாக்குச்சீட்டை அரசு அச்சிடவில்லை. கட்சிகளே தத்தம் தேர்வாளர்களின் (மாநிலத்தின் சார்பில் அதிபருக்கு வாக்களிப்பவர்களின்) பெயர்களை அச்சிட்டு விநியோகித்த சீட்டைத்தான் வாக்காளர் வாங்கி, ஊரார் பார்க்கப் பெட்டியில் போட்டார். லிங்கனின் குடியரசுக் கட்சிக்கு அமைப்பே இல்லாத ஒன்பது மாநிலங்களில் லிங்கனுக்கான சீட்டு வாக்காளர் கைக்கு எட்டவே இல்லை. பத்தாவதான தென் கரோலினாவிலோ மக்கள் வாக்களிக்கவே இல்லை. தேர்வாளர்களைச் சட்டமன்றமே தெரிவு செய்தது. ஆக, அந்த வெற்றிடங்களே இரு வகைப்பட்டவை. இரண்டுமே மக்கள் லிங்கனை நிராகரித்ததற்கான அளவீடு அல்ல. சீட்டு கிடைத்த வர்ஜீனியாவில் அவருக்கு ஏறத்தாழ 1,900 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒஹையோவையும் பென்சில்வேனியாவையும் ஒட்டிய வடமேற்கு மாவட்டங்களில் விழுந்தவை. 1863இல் மேற்கு வர்ஜீனியா என்ற தனி மாநிலமானது அந்தப் பக்கம்தான் என்பதை, 0 இட்டு நிரப்பிய அட்டவணையிலிருந்து எவராலும் ஊகிக்க முடியாது.

எதிரணி பிளவுபட்டதால் லிங்கன் வென்றார் என்பது

நாடு முழுவதும் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றவர் வென்றதைக் கண்டதும் பலர் இம்முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். மற்ற மூவரின் (ஜனநாயகக் கட்சியின் வடக்குப் பிரிவு வேட்பாளர் டக்ளஸ், தெற்குப் பிரிவு வேட்பாளர் பிரெக்கின்ரிட்ஜ், அரசமைப்பு ஒன்றியக் கட்சியின் பெல்) வாக்குகளையும் மாநிலந்தோறும் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள்: கலிபோர்னியா, ஓரிகான், நியூ ஜெர்சி ஆகியவற்றில் மட்டுமே லிங்கன் பின்தங்குகிறார். அவருடைய 180 தேர்வாளர் வாக்குகள் 169ஆகக் குறையும்; பெரும்பான்மைக்குத் தேவைப்பட்டவை 152தான்.

பிரெக்கின்ரிட்ஜுக்கு விழுந்தவை பிரிவினை வாக்குகள் என்பது

பிரெக்கின்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்த மேரிலாந்தும் டெலவேரும் அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகவில்லை. ஒன்றியம் நிலைக்க வேண்டும் என்ற ஜான் பெல்லைத் தேர்ந்தெடுத்த வர்ஜீனியாவும் டென்னஸியும் 1861இல் விலகின. அடிமை முறை நிலவிய மாநிலங்களை மொத்தமாக எடுத்தால், பெல், டக்ளஸ் இருவரின் கூட்டு வாக்கு பிரெக்கின்ரிட்ஜின் வாக்கைவிட அதிகம்.

மாநிலத்துக்கு ஒரே நிறம் தீட்டுவது

இல்லினாயை லிங்கன் வென்றார். அதன் தென்கோடி டக்ளஸின் பக்கம் நின்றது.

மக்கள்தொகையை வாக்காளர் தொகையாகக் கொள்வது

அன்று பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்குரிமை இருக்கவில்லை.