பேனா லேப்டாப் வாங்குமுன் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்

மொரிசியஸில் ரோஸ் ஹில் பக்கம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறேன். கரும்பலகையை விட்டுவிட்டு, திரையைப் பின்னால் மடக்கினால் டேப்லெட் ஆகிவிடும் லேப்டாப்பில் பேனாவால் எழுதி புரொஜெக்டரில் காட்ட ஆரம்பித்துச் சில வருடம் ஆகிறது. இப்போது மற்ற ஆசிரியர்களும் வாங்குகிறார்கள், சரியாக எழுதவில்லை என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதை: பிராசஸர் என்ன, எத்தனை ஜிபி என்று விசாரித்தவர்கள் பேனாவைக் கையில் எடுத்து ஒரு வரி கூட எழுதிப் பார்க்கவில்லை.

கடையில் நின்றபடியே "க்" எழுதுங்கள். க வந்துவிடும், மேலே வைக்கிற புள்ளிதான் சிக்கல். நாம் யாரும் புள்ளியை அழுத்தி வைப்பதில்லை, தொட்டும் தொடாமலும் வைத்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடுவோம். பேனா "திரையில் பட்டது" என்று உணரக் குறைந்தது இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று ஒன்று உண்டு, அது அதிகமாக இருந்தால் புள்ளி விழாது, "பக்கம்" என்பது "பககம" ஆகிவிடும், பிள்ளை அதையே நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகும். பெட்டியில் 4096 அழுத்த நிலைகள் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். லேசான அழுத்தத்துக்கும் பலமான அழுத்தத்துக்கும் நடுவே எத்தனை படிகள் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, எவ்வளவு லேசாகத் தொட்டால் எழுதத் தொடங்கும் என்பதை அல்ல. 2048 என்று போட்ட பேனா அதைவிட நன்றாகப் புள்ளி வைப்பதும் உண்டு.

அப்புறம் ஒரு ஸ்கேலைச் சாய்வாக வைத்து மெதுவாகக் கோடு இழுங்கள். சில திரைகளில் கோடு அலை அலையாக வரும், ஏனென்றால் பேனா எங்கே இருக்கிறது என்பதைத் திரைக்குள் இருக்கும் நுண்கம்பி வலையை வைத்துக் கணக்கிடுகிறார்கள், ஒரு கம்பியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில் கணக்கு கொஞ்சம் பிசகுகிறது. வேகமாக எழுதினால் தெரியாது. ஆனால் பிள்ளைகளுக்கு ழ, ஞ எழுதிக்காட்டும்போதும், நம் மொரிசியஸ் ரூபாய் நோட்டில் இருக்கிற ௨, ௫ மாதிரித் தமிழ் எண்களை எழுதிக்காட்டும்போதும் மெதுவாகத்தானே எழுதுகிறோம்.

பேனா தொலைந்தால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. எல்லாப் பேனாவும் எல்லாத் திரையிலும் எழுதாது. வேக்கம் நிறுவனத்தின் ஈஎம்ஆர் முறையில் பேனாவுக்குள் பேட்டரியே கிடையாது, திரைக்குப் பின்னால் இருக்கும் தகட்டிலிருந்து மின்சக்தியை வாங்கிக்கொள்ளும். மற்ற முறைகளில் பெரும்பாலும் பேனாவுக்குள் பேட்டரி வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் சர்ஃபேஸ் புரோ முதல் இரண்டு தலைமுறைகளில் வேக்கம் பேனாதான் வந்தது, 2014இல் வந்த சர்ஃபேஸ் புரோ 3 முதல் என்ட்ரிக் என்ற வேறொரு நிறுவனத்தின் முறைக்கு மாறிவிட்டார்கள், ஆகவே பழைய பேனா புதிய திரையில் ஒரு கோடு கூடப் போடாது. ஒரே பெயர், ஒரே நிறுவனம், இருந்தும் இப்படி. நுனியில் ரப்பர் வைத்த மலிவுக் குச்சியை வாங்காதீர்கள், லேப்டாப்புக்கு அது வெறும் விரல்தான், கையைத் திரையில் ஊன்றினால் அதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஈஎம்ஆர் திரை என்றால் காந்தம் வைத்த உறையும் வேண்டாம், காந்தம் இருக்கும் இடத்தில் எழுத்து விலகி விழும்.

சில பேனாக்களுக்கு நான்கு ஏ போட்ட பேட்டரி வேண்டும், மூன்று ஏ பேட்டரியைவிட ஒல்லியானது. அதை ஒருமுறை அவசரமாகத் தேடிப் பல கடை ஏறி இறங்கியிருக்கிறேன். இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விடுமுறையில் பேனாவிலிருந்து கழற்றி வையுங்கள், கசிந்தால் பேனா போய்விடும்.

திரைமேல் தடிமனான கண்ணாடி ஒட்டுவது இன்னொன்று. பேனா நுனிக்கும் அடியில் தெரிகிற மைக்கும் நடுவே இடைவெளி கூடி, எழுத்து நுனியிலிருந்து தள்ளி விழுவதுபோல் தெரியும். காகிதம் போன்ற சொரசொரப்பான ஒட்டுத்தாள் எழுத நன்றாகவே இருக்கிறது, நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன், ஆனால் நிப் சீக்கிரம் தேயும், கூடுதல் நிப் வேண்டும்.

கீலைப் பற்றிக் கொஞ்சம். திரையை ஒரு மூலையில் பிடித்துத் திறக்காதீர்கள், நடுவில் பிடியுங்கள். நடுவில் ஒற்றைக் கீல் வைத்துத் திரையைச் சுழற்றுகிற பழைய மாடலைச் செகண்ட்ஹேண்டாக வாங்கியிருந்தால், சுழற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எதிர்த்திசையில் திருப்பி உடைத்தால் அந்தப் பாகம் கிடைப்பது மிகவும் கஷ்டம். 360 பாகை மடங்குவதில் விசைப்பலகை கீழே போய் மேசையில் உரசும், மணல் இல்லாமல் துடைத்துவிட்டு வையுங்கள்.

ரேம் பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்து வரும், பின்னால் கூட்ட முடியாது, அதனால் வாங்கும்போதே 16 ஜிபி எடுப்பது நல்லது. டைப் சி துளை எல்லாவற்றிலும் சார்ஜ் ஏறாது, எல்லாவற்றிலிருந்தும் புரொஜெக்டருக்குப் படம் போகாது, உங்கள் மாடலில் எது எது என்று கேட்டுவிடுங்கள். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலிருந்து உறவினர் வாங்கி வந்தால் பிரெஞ்சு விசைப்பலகைதான் வரும், ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும்.

கடைசியாக வெயில். ஜனவரி, பிப்ரவரியில் காருக்குள் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள், முழுச் சார்ஜோடு சூட்டில் கிடந்தால் பேட்டரி உப்பிக்கொள்ளும், உப்பினால் மேலே இருக்கும் விசைப்பலகையை உள்ளிருந்து தள்ளும், சர்ஃபேஸ் போலத் திரைக்குப் பின்னால் பேட்டரி இருந்தால் திரையையே தள்ளும். டேப்லெட் போல மடக்கி மெத்தைமேல் வைத்து எழுதினால் காற்றுத்துளை அடைபட்டு எல்லாம் மெதுவாகிவிடும், பேனாவுக்குப் பின்னால் மை இழுபட்டு வரும். பலர் அதைப் பேனாக் கோளாறு என்று நினைத்துப் புதுப் பேனா வாங்குகிறார்கள். முதலில் லேப்டாப்பை எடுத்து ஒரு மரப்பலகைமேல் வைத்துவிட்டு, கால்மணி நேரம் கழித்து மறுபடி எழுதிப் பாருங்கள்.