கும்பகோணத்துப் பழைய வீடுகள்: பழுதுபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் பழைய வீடுகளைச் சீர்செய்ய இப்போது நிறைய இளைஞர்கள் முன்வருகிறார்கள். ஒருவருக்குத் தாத்தா வீட்டைக் காப்பாற்ற வேண்டும், இன்னொருவருக்கு ஹோம்ஸ்டே நடத்த வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் நாங்கள் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. போட்டோ எடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள், பழைய கதவு நிலையை விற்காதீர்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட்

டெல்டாவில் கல் கிடையாது, வண்டல் மண்தான். அதனால் வீடுகள் எல்லாம் செங்கல். பல வீடுகளில் செங்கல்லுக்கு நடுவே சேறு, மேலே சுண்ணாம்புக் காரை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வந்தால் கிணறு ஊறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஏறும். அந்த ஈரத்தைச் செங்கல் அடியிலிருந்து உறிஞ்சத்தான் செய்யும். கட்டியவர்களுக்கு இது தெரியும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. மழைக்காலத்தில் ஏறிய ஓதம் பங்குனி, சித்திரை வெயிலில் அந்த வழியாகவே வெளியேறிவிடும். பூச்சு கொஞ்சம் உதிரும், சில வருஷத்துக்கு ஒருமுறை ஒட்டுப் போடுவோம். செங்கல்லுக்குப் பதிலாக உதிர்வதற்குத்தான் அந்தப் பூச்சே இருக்கிறது.

சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டுவிடும். வெளியே வர முடியாத ஈரம் மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் ஓதம் தெரிகிறது என்று இடுப்பு வரை சிமெண்ட் பூசுகிறார்கள். அடுத்த மழைக்கு நெஞ்சு உயரத்தில் தெரிகிறது. உடனே நெஞ்சு வரை பூச்சு, அதன் மேல் டைல்ஸ். ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாக இறுகிச் செங்கல்லை உடைக்கும். சிமெண்ட்டிலிருந்தே கொஞ்சம் உப்பு சேரும்.

கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. உரிமையாளர் சென்னையில் இருக்கிறார். கூடம் முழுக்கச் சிமெண்ட் பூசி, டைல்ஸ் ஒட்டி முடித்திருந்தார். "இவ்வளவு செலவு பண்ணியும் ஓதம் நிக்கலையே சார்" என்று கூப்பிட்டார். உளி வைத்துத் தட்டினோம். சிமெண்ட் பலகை பலகையாக வந்தது. ஒவ்வொரு பலகையின் முதுகிலும் செங்கல்லின் முகம் அப்படியே பெயர்ந்து ஒட்டியிருந்தது. சுவரில் மிச்சம் இருந்தது சிவப்பு மாவு, கையால் வழித்தால் கொட்டியது. மேலே தேக்கு உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், பிடி வரைக்கும் உள்ளே போனது. தளத்தைத் தாங்கும் உத்திரம் அது. முட்டுக் கொடுத்து மாற்றுவதற்கு, மொத்த வீட்டுக்கும் சுண்ணாம்பு பூசியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட அதிகம் செலவானது.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதன் சின்ன வடிவத்தைப் பார்த்துத்தான். "சுண்ணாம்போட ஒரு பிடி சிமெண்ட் போட்டா சீக்கிரம் புடிச்சுக்கும் சார்" என்று கொத்தனார் சொல்வார். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று உரிமையாளரும் தலையாட்டுவார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் இறுகும். அந்த அவகாசம் கொடுக்க முடியாதென்றால் அந்த வருஷம் பூசவே வேண்டாம், சுவர் அப்படியே இருக்கட்டும்.

சரி, ஏற்கெனவே சிமெண்ட் பூசிய சுவரை என்ன செய்வது? முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பின்பக்கம் குளியலறையோ சாக்கடையோ ஒழுகினால் அதை அடைக்காமல் சுவரைத் தொடாதீர்கள். அப்புறம் உளியால் சிமெண்ட்டைப் பெயர்த்தெடுங்கள், பிரேக்கர் மெஷின் வேண்டாம். பூத்திருக்கும் உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டியெடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும். நைந்த செங்கல்லை மட்டும் மாற்றுங்கள். நீற்றிச் சில வாரமாவது தண்ணீருக்கடியில் கிடந்த சுண்ணாம்பு, உப்பில்லாத சலித்த மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர், இவற்றைக் கலந்து மெல்லிய பூச்சுகளாகப் பூசி, ஈரச் சாக்கு போட்டு மூடி வையுங்கள்.

ஒழுகும் மாடியில் கான்கிரீட்

இந்த வீடுகளின் மாடித்தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். அது தேக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் குறுக்காகச் செங்குத்தாய் நிறுத்திய சின்னச் செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்த தளம், கடைசியாகத் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு. ஒழுகினால் மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே உள்ளே போன தண்ணீர் அங்கேயே நிற்கும், பாரமும் கூடும், சட்டம் தொய்யும். தட்டோட்டைப் பெயர்த்து, விரிசல் கண்ட இடத்தைச் சுண்ணாம்பிலேயே திருப்பிப் போடுங்கள்.

பிளாஸ்டிக் பெயிண்ட்

வேண்டாம். வெள்ளையடியுங்கள்.

முற்றத்துக்குக் கூரை

ஃபைபர் ஷீட் போட்டு மூடினால் கூடத்தின் சூடும் ஈரமும் வெளியேற வழியில்லை. குரங்குக்குக் கம்பி வலை போதும்.

திண்ணையை இடித்து பைக் நிறுத்துவது

சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீட்டைப் போய்ப் பாருங்கள். சின்ன ஓட்டு வீடு. திண்ணையும் உள்ளறையும் இருந்தபடி இருப்பதால்தான் அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறது.

தாராசுரம் கோயில் பக்கத்தில் வீடு என்றால்

அந்தக் கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம். 1958-ஆம் வருஷத்துத் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, பழுதுபார்க்கவும் முன் அனுமதி வேண்டும். அதைத் தாண்டி மேலும் 200 மீட்டர் வரை கட்டவும் அனுமதி தேவை. ஆள் வைத்த பிறகு விசாரிக்காதீர்கள்.

தெரு உயர்வதைக் கவனிக்காமல் இருப்பது

தார் மேல் தார் போட்டு, ஒரு காலத்தில் படியேறி நுழைந்த வீடுகள் இன்று பள்ளத்தில் இருக்கின்றன. தெருத் தண்ணீர் ரேழிக்குள் (வாசலை அடுத்த நடைக்குள்) வந்த பிறகு எந்தப் பூச்சும் உதவாது. ரோடு போட வரும்போது, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லித் தெருக்காரர்கள் சேர்ந்து மனுக் கொடுங்கள்.

அரசங்கன்றைப் பிடுங்குவது

கன்று கையோடு வரும், கூடவே நாலு செங்கல்லும் வரும். வேர் உள்ளேயே நின்று அடுத்த மழைக்குத் துளிர்க்கும். தண்டை வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி மருந்து தடவி, வேர் காய்ந்த பிறகு இடுக்கைத் திறந்து எடுத்துச் சுண்ணாம்பால் அடையுங்கள். தை பிறந்ததும் மாடிக் கைப்பிடிச் சுவரையும் மழைநீர்க் குழாயின் பின்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விரல் நீளத்தில் இருக்கும்போதே கண்ணில் பட்டால் அரைமணி நேர வேலைதான்.