தில்லிக்குக் குடும்பத்தோடு முதல் சுற்றுலா: திட்டமிடும் முறை

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு முதன்முறையாகக் குடும்பத்தோடு செல்ல நினைப்பவர்கள், பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத்தான் முதலில் எழுதுகிறார்கள். செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், அப்படியே ஆக்ரா என்று அது நீண்டுகொண்டே போகும். பாட்டியும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து செல்லும் பயணத்தை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. எந்த இடத்துக்கு என்றைக்கு வார விடுமுறை என்பதையும், குடும்பத்தில் மிகக் குறைவாக நடக்கக்கூடியவரால் ஒரு நாளில் எவ்வளவு நடக்க முடியும் என்பதையும் தெரிந்துகொண்ட பிறகே இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திங்கட்கிழமைகளில் செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தேசிய ரயில் அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் ஆகிய அனைத்தும் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் ஆக்ராவில் தாஜ்மகாலும், தில்லியில் தேசிய உயிரியல் பூங்காவும் மூடியிருக்கும். இந்த இரண்டு நாட்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பயணத்தின் வடிவம் தானாகவே அமைந்துவிடும். சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு 10 மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஞாயிற்றுக்கிழமை ஏறினால், பயனற்ற திங்கட்கிழமை முழுவதும் ரயிலிலேயே கழிந்து, செவ்வாய்க்கிழமை காலையில் புது தில்லியில் இறங்கலாம். அங்கிருந்து சனிக்கிழமை இரவு 9 மணியளவில் அதே வண்டியில் திரும்பினால், திங்கட்கிழமை காலை சென்னைக்கு வந்துவிடலாம். இடையில் கிடைக்கும் ஐந்து பகல்களில் ஒரு மூடிய கதவின் முன்கூட நிற்க வேண்டியிராது. தாஜ்மகாலுக்கும் உயிரியல் பூங்காவுக்கும் மட்டும் வெள்ளியைத் தவிர்த்தால் போதும். தென்மாவட்டத்தினருக்குக் கன்னியாகுமரியிலிருந்து நெல்லை, மதுரை வழியாகச் செல்லும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வசதியானது. ஆனால் அது வாரத்தில் சில நாட்களே ஓடுவதாலும், ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் முடிவதாலும், அவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் வண்டிக்கு ஏற்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த மாதம் செல்வது?

தில்லிக்கு மிக இதமான காலம் பிப்ரவரியும் மார்ச் முதல் பாதியும்தான். ஆனால் அது நம் பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கும் காலம். கோடை விடுமுறையில் செல்லவே வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடுவதுண்டு, செங்கோட்டையின் திறந்த முற்றங்களில் அந்த வெயிலில் முதியவர்களை நடக்கச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. அரையாண்டு விடுமுறையில் செல்பவர்கள் அடர்ந்த மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவதையும், இரவுக் குளிருக்குக் கம்பளி உடைகள் தேவைப்படுவதையும் எதிர்பார்த்தே கிளம்ப வேண்டும். தீபாவளியை ஒட்டியும் அதற்குப் பிந்தைய வாரங்களிலும் காற்று மிகவும் கெட்டுவிடுவதால், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அக்டோபர் இறுதி முதல் ஜனவரி வரை தவிர்ப்பதே நல்லது. எஞ்சியிருப்பது காலாண்டு விடுமுறை. செப்டம்பர் இறுதியில் பகல் வெப்பம் இருந்தாலும் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கும். பள்ளி திறக்கும் நாளில் ஒரு நாள் விடுப்பு எடுக்க நேர்ந்தாலும் அந்த வாரத்தையே நான் பரிந்துரைப்பேன். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் பாதுகாப்புக்காகச் செங்கோட்டையும் இந்தியா கேட்டை ஒட்டிய கர்த்தவ்ய பாதை சுற்றுப்புறமும் அடைபடும் என்பதால் அந்த வாரங்கள் கூடாது.

டிக்கெட்டும் தங்குமிடமும்

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கிறது. விடுமுறைக் காலத்தில் தில்லி வண்டிகள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்னதாகவே முடித்து வைத்திருங்கள். முன்பதிவு திறக்கும் தொடக்க நேரத்தில் அவ்வாறு சரிபார்க்கப்பட்ட கணக்குகளுக்கு மட்டுமே டிக்கெட் கிடைக்கும். திரும்பும் சனிக்கிழமைக்கான முன்பதிவு, புறப்படும் ஞாயிறுக்கானதைவிட ஆறு நாட்கள் கழித்தே திறக்கும். இரண்டு தேதிகளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதியவர்களுக்குக் கீழ் படுக்கை கிடைப்பதில் பலருக்கும் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உள்ள கீழ் படுக்கை ஒதுக்கீடு, அத்தகையவர்கள் தனியாகவோ இருவராகவோ ஒரே டிக்கெட்டில் இருந்தால்தான் பொருந்தும். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் தாத்தாவுக்கு மேல் படுக்கை விழவும் வாய்ப்புண்டு. ஆகவே தாத்தா, பாட்டி இருவருக்கும் அந்த ஒதுக்கீட்டில் தனி டிக்கெட்டும், மற்றவர்களுக்கு வேறொரு டிக்கெட்டும் எடுப்பது நலம். ஆனால் இரண்டும் உறுதியாகக் கிடைக்கும் அளவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அப்படிச் செய்ய வேண்டும். ஒன்று உறுதியாகி மற்றொன்று காத்திருப்புப் பட்டியலில் நின்றால் பெரும் சங்கடம். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். முப்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணத்தில் அந்தப் படுக்கையை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, அறையின் அழகைவிட மெட்ரோ நிலையத்துக்கு அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே முக்கியம். கரோல் பாக் பகுதியை நான் முதலில் சொல்வேன். தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் பகுதி அது. நீல வழித்தட மெட்ரோ உண்டு, எல்லா விலையிலும் விடுதிகள் உண்டு. பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் பேசி, மின்தூக்கி இருக்கிறதா, அறைக்குச் சன்னல் இருக்கிறதா, வெந்நீர் எந்நேரமும் வருமா என்று கேட்டுவிடுங்கள். இன்னொன்றையும் கட்டாயம் கேட்க வேண்டும். உங்கள் வண்டி விடியற்காலையில் சேரும். விடுதிகளோ பெரும்பாலும் நண்பகலுக்குத்தான் அறை தரும். இரண்டு இரவுகள் ரயிலில் வந்த குடும்பத்தை வரவேற்பறை நாற்காலியில் ஐந்து மணி நேரம் உட்கார வைப்பதைவிட, முந்தைய இரவுக்கும் சேர்த்து வாடகை கொடுப்பது எவ்வளவோ மேல். பெரியவர்கள் எல்லோரிடமும் அசல் ஆதார் அட்டை இருக்க வேண்டும்.

நகருக்குள் நடமாட்டம்

2002-இல் தொடங்கிய தில்லி மெட்ரோதான் மொழி தெரியாத குடும்பத்துக்கு மிகப் பெரிய துணை. பேரம் இல்லை, வழி தவறாது, பெரும்பாலான நிலையங்களில் கழிவறையும் மின்தூக்கியும் உண்டு. மூன்றடி உயரத்துக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு வாங்கிவிட்டால் கட்டணத்தில் தள்ளுபடியும் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் வரிசையில் நிற்கவும் வேண்டாம். புது தில்லி ரயில் நிலையத்துக்குப் பஹாட்கஞ்ச் பக்கம், அஜ்மீரி கேட் பக்கம் என இரண்டு வாசல்கள். மெட்ரோ இருப்பது அஜ்மீரி கேட் பக்கம்.

குடும்பங்கள் பிரிந்துபோவது பெரும்பாலும் மெட்ரோ நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில்தான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. பைகள் ஊடுகதிர் எந்திரத்தின் வழியாகத் தனியே போகும். ஆண்கள் வரிசை நீண்டு, பெண்கள் வரிசை சீக்கிரம் நகர்ந்து, அம்மாவும் பாட்டியும் மறுபக்கம் போய்விடுவார்கள். பணமும் கைப்பேசியும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். எனவே எந்தப் பிள்ளை யாருடன் செல்லும் என்பதை முதல் நாளே தீர்மானித்து, இரண்டு அணியிலும் ஒரு கைப்பேசியும் சிறிது பணமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் கடந்தவர் எந்திரத்தின் மறுமுனையில் பைகளுக்கு அருகிலேயே நிற்க வேண்டும். ராஜீவ் சௌக் போன்ற சந்திப்பு நிலையங்களில் கதவு மூடி யாராவது பிளாட்பாரத்திலேயே விடுபட்டால், விடுபட்டவர் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது, ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, அவர்கள் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். விடுதியின் முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் இருக்கட்டும்.

மெட்ரோ எட்டாத தொலைவுக்குக் கைப்பேசிச் செயலி வழியாக ஆட்டோவோ காரோ அழைப்பதே எளிது. எண்களை இந்தியில் பத்து வரையாவது பழகிக்கொள்ளலாம். ஓட்டுநரையோ கடைக்காரரையோ ‘பையா’ (இந்தியில் ‘அண்ணா’) என்று அழைத்துப் பேச்சைத் தொடங்கினால் இணக்கமாகப் பேசுவார்கள்.

ஐந்து நாட்கள்

செவ்வாய்க்கிழமை பகலில் எங்கும் போகாதீர்கள். குளித்து, உண்டு, உறங்கிவிட்டு மாலையில் இந்தியா கேட் பகுதிக்குச் செல்லுங்கள். 42 மீட்டர் உயர வளைவைப் பார்த்ததும் திரும்பிவிடாமல், அதற்குப் பக்கத்தில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்துக்குள்ளும் செல்ல வேண்டும். அனுமதி இலவசம். விடுதலைக்குப் பின் உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அங்கே கருங்கற்களில் பொறிக்கப்பட்டுள்ளன. 2014-இல் காஷ்மீரில் வீரமரணம் அடைந்த சென்னையைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் பெயரைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லலாம்.

புதன்கிழமை காலை செங்கோட்டை. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களுக்கு 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கு இணையத்தில் டிக்கெட் எடுத்துவிடலாம். ஊதா வழித்தடத்தில் லால் கிலா நிலையத்தில் இறங்கினால் கோட்டை அருகில்தான். ஆனால் லாகூர் வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே நடை அதிகம். பாட்டியை நிழலில் அமர்த்திச் செல்லும் இடங்களை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் சாந்தினி சௌக்கில் சிறிது தூரம் சுற்றினால் அன்றைக்குப் போதும்.

வியாழக்கிழமை ஆக்ரா. ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலை 8 மணியளவில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரை சென்று ஏறத்தாழ நூறு நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மென்டை அடைகிறது. மாலையில் அதிலேயே திரும்பலாம். வாடகைக் காரில் நெடுநேரம் பிள்ளைகளை அடைத்து வைப்பதைவிட இது நூறு மடங்கு சிறந்தது. தாஜ்மகாலுக்கு அருகில் வாகனங்களை விடமாட்டார்கள்; கிழக்கு வாசல் பக்கம் ஷில்ப்கிராம் நிறுத்தத்திலிருந்து மின்கல வண்டிகள் உண்டு. நுழைவுக் கட்டணம் 50 ரூபாய், கல்லறை மாடத்தின் மேல் ஏற மேலும் 200 ரூபாய். உணவுப் பொட்டலம், பெரிய பை ஆகியவற்றைக் கொண்டுசென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். முதியவர்கள் களைத்திருந்தால் ஆக்ரா கோட்டையை விட்டுவிடத் தயங்க வேண்டாம்.

மறுநாள் தென் தில்லி. காலையிலேயே குதுப் மினாருக்குச் செல்லுங்கள். அதே பெயரில் உள்ள மெட்ரோ நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால் ஆட்டோ தேவை. 72.5 மீட்டர் உயரக் கோபுரத்தில் இப்போது யாரையும் ஏறவிடுவதில்லை. அதன் அருகே முற்றத்தில் நிற்கும் குப்தர் காலத்து இரும்புத் தூண், ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக மழையில் நின்றும் துருப்பிடித்து அழியாதது. பிள்ளைகளின் வேதியியல் பாடம் அங்கே கண்ணெதிரே நிற்கிறது. மாலையில் ராமகிருஷ்ணபுரத்தில் சிறு குன்றின் மேலுள்ள உத்தர சுவாமிமலை முருகன் கோயிலுக்குச் செல்லலாம். தில்லிவாசிகளிடம் ‘மலை மந்திர்’ என்றால்தான் தெரியும். 1946-இல் தொடங்கப்பட்ட தில்லித் தமிழ்ச் சங்கமும் அதே ராமகிருஷ்ணபுரத்தில்தான் இருக்கிறது. நான்கு நாட்களாகத் தமிழ் கேட்காத தாத்தாவுக்கு அங்கே பேச ஆள் கிடைக்கும்.

சனிக்கிழமைக்குத் தேசிய அருங்காட்சியகம். மொகஞ்சதாரோவின் நடன மங்கைச் சிலையைப் பாடநூலில் பார்த்த பிள்ளைகள் அதை ஆளுயரச் சிலையாகவே கற்பனை செய்திருப்பார்கள். நேரில் அது பத்தரை சென்டிமீட்டர்தான், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் அங்கே காணலாம். சிறு பிள்ளைகள் என்றால் அருங்காட்சியகத்துக்குப் பதிலாகச் சாணக்கியபுரியின் ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, பழைய நீராவி எஞ்சின்களையும் பாட்டியாலா ஒற்றைத் தண்டவாள ரயிலையும் காட்டலாம். மதிய உணவுக்கு அசோகா சாலையில் உள்ள ஆந்திர பவன் உணவகம் அருமையானது. சோறு, சாம்பார், பொடி, நெய் என்று இலைச் சாப்பாட்டு ஏக்கத்தைத் தீர்த்துவிடும். காரம் சற்றுக் கூடுதல் என்பதால் பிள்ளைகளுக்குத் தயிர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று நண்பகலுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதால், பெட்டிகளை விடுதியின் வரவேற்பறையில் வைக்க முன்கூட்டியே அனுமதி பெற்று, மாலை ஆறு மணிக்கெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாட்பார எண்ணை ரயில்வே செயலியில் பார்த்துவிட்டு எந்த வாசலில் இறங்குவது என்று ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். தவறான பக்கத்தில் இறங்கினால் பெட்டிகளோடு நீண்ட மேம்பாலத்தைக் கடக்க நேரும். சென்னையிலிருந்து ஊருக்குச் செல்லும் அடுத்த ரயிலையோ பேருந்தையோ பதிவு செய்பவர்கள், தில்லி வண்டி சேரும் நேரத்துக்கும் அதற்கும் இடையில் நான்கு மணி நேரமாவது விட்டுவைப்பது பாதுகாப்பானது.