சின்ன டைகாஸ்ட் காரைப் பிரித்து, பெயின்ட் அடித்து, திரும்பப் பூட்டுவது எப்படி?

பெயின்ட் உதிர்ந்து, கீறல் விழுந்த ஹாட் வீல்ஸோ மேட்ச்பாக்ஸோ போன்ற டைகாஸ்ட் (அச்சில் வார்த்த உலோக) பொம்மைக் கார் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் துத்தநாகக் கலவை பாடி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழைய பெயின்டை உரித்ததும் கதவுக்கோடு, பானெட் மடிப்பு, கைப்பிடி எல்லாம் கூர்மையாகத் தெரியும். இந்தச் சின்ன கார்களின் அழகே அங்கேதான் இருக்கிறது.

முதல் காருக்கு மலிவானதை எடுங்கள். லெஸ்னி நிறுவனம் தயாரித்த பழைய மேட்ச்பாக்ஸ், 1968-ஐ ஒட்டி வந்த ஹாட் வீல்ஸ் போன்றவற்றைத் தொடவே வேண்டாம். சேகரிப்பாளர்களுக்கு அவற்றின் அசல் பெயின்ட்தான் மதிப்பு.

வேண்டியவை

1.6 மி.மீ., 3.5 மி.மீ. டிரில் பிட், கை டிரில், சென்டர் பஞ்ச் (குழி போடும் கூர்முனைக் கருவி), எம்2 மரை டேப் (2 மி.மீ. ஸ்க்ரூவுக்குத் துளைக்குள் மரை வெட்டும் கருவி), 4 மி.மீ. நீள எம்2 ஸ்க்ரூ, பெயின்ட் ரிமூவர், பித்தளை பிரஷ், ஸ்ப்ரே பிரைமர், ஸ்ப்ரே பெயின்ட். சேலத்தில் இருப்பவர்கள் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மெல்லிய பிட்டும் ஊசி அரமும் அவர்கள் அன்றாடம் புழங்கும் சாமான்.

மெல்லிய பிட்டுக்கு மோட்டார் டிரில் வேண்டாம், கை டிரில்தான் என் சிபாரிசு. துத்தநாகக் கலவை மென்மையானது; மோட்டாரின் வேகத்தில் பிட் எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள் துளை கோணிவிடும்.

ரிவெட்டை எடுப்பது

பெரும்பாலான கார்கள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். பெயின்ட் சரியில்லை என்றால் உரித்துவிட்டு மறுபடி அடிக்கலாம். பாடியையும் அடித்தட்டையும் பிணைக்கும் ரிவெட் தூண் உடைந்தால் பழைய பலம் வராது.

காரைக் கவிழ்த்தால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என வட்டத் தலைகள் தெரியும். அவை பாடியோடு சேர்ந்தே வார்த்த தூண்களின் நசுக்கிய நுனி. தலையின் நட்டநடுவில் சென்டர் பஞ்சால் ஒரு குழி போடுங்கள். குழி தள்ளி விழுந்தால் அதற்குப் பின் எதுவும் நேராக வராது. 1.6 மி.மீ. பிட்டில் நுனியிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் ஒட்டும் டேப் சுற்றி, அந்த அடையாளம் வரை நேராக இறக்குங்கள். பானெட் தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் தூண் குட்டை, 5 மி.மீ. போனால் பானெட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும். அங்கே 3 மி.மீ. போதும், ஸ்க்ரூவையும் அதற்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு 3.5 மி.மீ. பிட். தலை வளையமாகக் கழன்று பிட்டில் சுற்றும் அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னும் இறங்கினால் அடித்தட்டு உட்காரும் தோள்பட்டை தேய்ந்து, பூட்டிய பிறகு கார் கடகடவென்று ஆடும். அடித்தட்டு வரவில்லையா? நெம்பாதீர்கள். விளிம்பில் ஒரு வளையம் மிச்சம் இருக்கும், அதைச் சுரண்டி எடுங்கள்.

மரை போடுவதையும் இப்போதே முடித்துவிடுங்கள். 1.6 மி.மீ. துளை எம்2 மரைக்குச் சரியான அளவு. மரை டேப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று திருப்புங்கள். தூள் அடைத்தால் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். பலவந்தமாகத் திருப்பினால் தூண் நெடுக்காகப் பிளக்கும்.

உரிப்பது

கண்ணாடி, சீட், சக்கரம் எல்லாவற்றையும் தனியே வையுங்கள். ரிமூவர் பட்டால் பிளாஸ்டிக் கண்ணாடி மங்கிவிடும். வெறும் பாடியைக் கண்ணாடி ஜாரில் போட்டு, கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் ரிமூவரை ஊற்றுங்கள். பெயின்ட் சுருங்கி எழும்பியதும் பித்தளை பிரஷால் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் அலசுங்கள். காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். அது துத்தநாகத்தையே அரித்து, மேற்பரப்பைக் கருப்பாக்கிவிடும்.

பெயின்ட்

1:64 அளவில் (நிஜக் காரில் 64-ல் ஒரு பங்கு) 0.1 மி.மீ. பெயின்ட் என்பது நிஜக் காரில் 6.4 மி.மீ. கனத்துக்குச் சமம். அதனால்தான் ஒரே கோட்டில் மூட நினைத்தால் கதவுக்கோடு நிரம்பி மறைந்துவிடுகிறது. 20-25 செ.மீ. தள்ளி நின்று, அடி தெரிகிற அளவுக்கு மெல்லிசாக அடியுங்கள். முதலில் பிரைமர், பிறகு நிறம். கோட்டுகளுக்கு இடையே டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியைப் பின்பற்றுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத வரை பூட்டக் கூடாது.

பூட்டும்போது கண்ணாடியைச் சூப்பர் க்ளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளை பூக்கும். ஃபெவிகால் ஒரு சொட்டு போதும். ஸ்க்ரூவை விரல் பலத்தில் முடுக்கி, சக்கரம் உருள்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

பின்சேர்க்கை: கேட்டவர்களுக்காக

ஏற்காட்டில் அடித்த பெயின்ட் பால் படர்ந்த மாதிரி வெளுக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்ப்ரே ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, மூடுபனியின் ஈரம் அதில் படிவதால் வருவது அது. 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்கால மாலையில் அடித்தால் அப்படித்தான் ஆகும். வெயில் ஏறிய பிறகு, பாடியை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கிவிட்டு அடியுங்கள். லேசாக வெளுத்ததை, உலர்ந்த நாளில் அதே பெயின்டை மெல்லிய ஒரு கோட் அடித்து மீட்கலாம்.

சேலத்து மே மாத மத்தியானத்தில் பிரச்சினை நேரெதிர். துளிகள் காற்றிலேயே காய்ந்து, மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். காலை 8 மணிக்குள் நிழலில் அடித்துவிடுங்கள். ஏற்கெனவே சொரசொரத்திருந்தால் 2000 நம்பர் ஈர உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிட்டு அடுத்த கோட்டுக்குப் போங்கள்.

தூண் பிளந்தவர்கள்: பிளவை அரால்டைட் பசையால் நிரப்பி, ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, மறுபடி 1.6 மி.மீ. துளையிடுங்கள். ஷெல்ஃபில் வைக்க அது தாங்கும். குழந்தைகள் உருட்டி விளையாடத் தாங்காது.