லைட் எரியுதுங்கிறதுக்காக வயரிங் சரின்னு விட்டுடாதீங்க

போன வாரம் புதுசா வேலை கத்துக்கிற தம்பி ஒருத்தன் நாலு லைட், ரெண்டு ஃபேன் இருக்கிற போர்டு ஒண்ணை முடிச்சிட்டு "அண்ணே, எல்லாம் ஓடுது, வந்து பாருங்க"ன்னு கூப்பிட்டான். போய்ப் பாத்தேன், உண்மையிலேயே எல்லாம் ஓடுச்சு, போர்டும் சுத்தமாத்தான் கட்டியிருந்தான். எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணுடான்னு சொல்லிட்டு ஏணியில ஏறி ஒவ்வொரு பாயிண்ட்லயும் டெஸ்டர் வச்சேன். ஆறுல மூணு பாயிண்ட்ல டெஸ்டர் எரிஞ்சது. சுவிட்ச் ஆஃப், லைட் அணைஞ்சிருக்கு, ஆனா ஹோல்டர்ல கரண்ட் அப்படியே நிக்குது. இதே தப்பை நானும் ஆரம்பத்துல பண்ணியிருக்கேன், அதுக்கு இன்னொருத்தர் வலி பட்டாங்க, அதனாலதான் இதை எழுதுறேன்.

மெயினை ஆஃப் பண்ணாம கை வைக்கக்கூடாது, ஈரக் கையோட தொடக்கூடாதுங்கிறதெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பாங்க, அதை விட்டுடுறேன். வேலை முடிஞ்சு எல்லாம் நல்லா ஓடும்போதும் உள்ள ஒளிஞ்சு நிக்கிற தப்புகளைத்தான் இங்க சொல்லப் போறேன்.

சுவிட்சை நியூட்ரல்ல போடுறது

லைட்டுக்கு ரெண்டு வயர் போகுது, ஒண்ணு கரண்ட் வர்ற ஃபேஸ், ஒண்ணு திரும்பிப் போற நியூட்ரல். எதை வெட்டி நடுவுல சுவிட்சைப் போட்டாலும் லைட் அணையும், போட்டா எரியும். பாக்கிறவனுக்கு ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா ஃபேஸை வெட்டினா சுவிட்ச் ஆஃப் ஆனதும் ஹோல்டர் வரைக்கும் கரண்ட் செத்துடும். நியூட்ரலை வெட்டினா திரும்பிப் போற வழி மட்டும்தான் அடையுது, ஃபேஸ் ஹோல்டருக்குள்ள வந்து காத்துக்கிட்டே இருக்கும். யாராவது பல்ப் மாத்தக் கை வைக்கிற நேரத்துல அவங்க உடம்புதான் அந்தத் திரும்பிப் போற வழி ஆகுது.

நான் கத்துக்கிட்டிருந்த காலத்துல ஒரு வீட்ல வயர் இழுக்கும்போது நியூட்ரலுக்கு வச்சிருந்த கருப்பு ரோல் தீர்ந்து போச்சு. இன்னொரு ரோல் வாங்கப் போக நேரமில்லைன்னு மிச்ச பாயிண்டுக்கெல்லாம் ரெண்டு வயருமே சிவப்புலயே இழுத்துட்டேன், எது எதுன்னு ஞாபகம் இருக்கும்னு ஒரு நம்பிக்கை. மறுநாள் போர்டு கட்டும்போது ஞாபகம் இல்லை. சுவிட்ச் போட்டேன் எரிஞ்சது, ஆஃப் பண்ணேன் அணைஞ்சது, சரின்னு மூடிட்டேன். ஒரு வருஷம் கழிச்சு அந்த வீட்டு அம்மா ஃபேன் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு ஸ்டூல் மேல ஏறி ஃபேனைத் துடைச்சிருக்காங்க, மேல கனெக்ஷனை மூடுற கப் இறங்கியிருந்ததால ஈரத்துணி கனெக்டர்ல பட்டுடுச்சு. ஷாக் ஒரு நொடிதான், ஆனா கையை உதறினதுல ஸ்டூல்ல இருந்து விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு போச்சு. அவங்க ஒரு தப்பும் பண்ணலை. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறினாங்க, அந்த சுவிட்சை நம்பினாங்க. நம்ப முடியாத சுவிட்சைக் கட்டினவன் நான். அப்புறம் அந்த வீட்ல எல்லா போர்டையும் கழட்டி ஒவ்வொரு வயரா கண்டுபிடிச்சு மாத்திக் கொடுக்க மூணு நாள் ஆச்சு. ஒரு ரோல் வாங்கப் போயிருந்தா அரை மணி நேரம்.

இன்னைக்கும் "லைட்தான் எரியுதே, எதுல போட்டா என்ன"ன்னு யாராவது கேட்டா எனக்குக் கோவம் வந்துடும். எல்லாம் ஓடுதுன்னு நினைக்கிறதாலதான் இந்தத் தப்பு வருஷக்கணக்கா யார் கண்ணுலயும் படாம உக்காந்திருக்கு.

இதுல புதுசா வர்றவங்களைக் குழப்புற விஷயம் ஒண்ணு இருக்கு. நியூட்ரல்ல சுவிட்ச் இருக்கிற பாயிண்ட்ல, பல்ப் மாட்டியிருக்கும்போது சுவிட்சை ஆஃப் பண்ணி டெஸ்டர் வச்சா ரெண்டு வயர்லயுமே எரியும். உடனே "அண்ணே, ரெண்டு ஃபேஸ் வருது"ன்னு ஓடி வருவாங்க. ரெண்டு ஃபேஸ் எல்லாம் இல்லை. ஒரு வயர்ல வர்ற ஃபேஸ் பல்புக்குள்ள புகுந்து அடுத்த வயர் வழியா சுவிட்ச் வரைக்கும் போய் நிக்குது, கரண்ட் ஓடாததால வோல்டேஜும் குறையலை. பல்பைக் கழட்டிட்டு வச்சுப் பாருங்க, ஒண்ணுலதான் எரியும். ஃபேனா இருந்தாலும் இதே கதைதான், காயில் வழியா வந்து நிக்கும். அதனால சுவிட்ச் ஆஃப்ல ரெண்டு பக்கமும் டெஸ்டர் எரிஞ்சா முதல்ல சந்தேகப்பட வேண்டியது அந்த சுவிட்சைத்தான்.

எல்இடி பல்ப் ஆஃப் பண்ணினதுக்கு அப்புறமும் ராத்திரியில மங்கலா மினுக்கினா அதுவும் ஒரு துப்பு. ஆனா அதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க, சரியா ஃபேஸ்ல போட்ட சுவிட்சா இருந்தாலும் உள்ள இண்டிகேட்டர் இருந்தாலோ, ரொம்ப தூரம் வயர்கள் ஒட்டி ஓடினாலோ கொஞ்சம் மினுக்கும். டெஸ்டரோ மீட்டரோ வச்சுப் பாத்துடுங்க.

சில நேரம் நீங்க சரியாவே பண்ணியிருப்பீங்க, தப்பு உங்களுக்கு முன்னாடியே நடந்திருக்கும். போர்டுக்கு வர்ற வயரே மாறி வந்திருந்தா நீங்க கலர் பாத்து ஃபேஸ்னு சுவிட்ச்ல போட்டது நிஜத்துல நியூட்ரல். அப்ப இன்னொரு ஆபத்தும் சேருது. சிங்கிள் போல் எம்சிபியும், அதாவது கரண்ட் அதிகமானா ஒரு வயரை மட்டும் வெட்டுற ட்ரிப் சுவிட்சும், நியூட்ரல்ல போய் மாட்டியிருக்கலாம். ஃபேஸ் ஒரு இரும்பு பாடியைத் தொட்டா கரண்ட் எர்த் வழியா போயிடும், எம்சிபி இருக்கிற நியூட்ரல் பக்கம் வராது, அதனால அது ட்ரிப்பே ஆகாது. பாதுகாப்புக்குன்னு வச்ச பொருள் சும்மா பாத்துக்கிட்டு நிக்கும்.

அதனால போர்டு கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே மீட்டர் எடுங்க. 230 வோல்ட் சப்ளைன்னா ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஏறக்குறைய 230 காட்டணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல சைபரோ ரெண்டு மூணு வோல்ட்டோ காட்டணும். எதுல முழு வோல்டேஜ் காட்டுதோ அதுதான் ஃபேஸ், வயர் என்ன கலர்ல இருந்தாலும் சரி. மெயினை ஆஃப் பண்ணிட்டு அதைக் கொண்டுபோய் சுவிட்ச்ல போடுங்க, நியூட்ரல் நேரா லைட்டுக்குப் போகட்டும். கடைசியா எல்லா சுவிட்சும் ஆஃப்ல இருக்கும்போது மேல ஒவ்வொரு பாயிண்ட்லயும் ஒரு தடவை டெஸ்டர் வைங்க. எரிஞ்சா மேல இருக்கிற ரெண்டு வயரைத் திருப்பிப் போட்டு சமாளிக்காதீங்க, அதனால ஒண்ணுமே மாறாது, போர்டுல மாத்தணும். போர்டுக்கு வர்றதே மாறியிருந்தா அது எங்க மாறியிருக்குன்னு மேல தேடிப் போகணும், எம்சிபி எல்லாம் இருக்கிற டிபி பாக்ஸ் வரைக்கும் போச்சுன்னா லைசென்ஸ் இருக்கிறவரைக் கூப்பிடுங்க.

திருகு மாடல் ஹோல்டரா இருந்தா இன்னொண்ணு. சுவிட்ச்ல இருந்து வர்ற ஃபேஸ் ஹோல்டரோட நடுப் புள்ளிக்குப் போகணும், நியூட்ரல் சுத்தி இருக்கிற திருகு உலோகத்துக்குப் போகணும். மாத்திப் போட்டா சுவிட்ச் ஆன்ல இருக்கும்போது பல்பைத் திருகுறவங்க விரல் படுற இடத்துல ஃபேஸ் நிக்கும்.

கலரை நம்புறது

பிரிட்டன்ல பழைய வீட்டு வயரிங்ல கருப்புன்னா நியூட்ரல். 2006 ஏப்ரல்ல இருந்து புது வேலைக்கெல்லாம் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல்னு கட்டாயம் ஆக்கிட்டாங்க. அமெரிக்காவுல கருப்பு ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். அதாவது ஒரே கருப்பு வயர் ஒரு இடத்துல நியூட்ரல், இன்னொரு இடத்துல ஆளை அடிக்கிற ஃபேஸ். கலர்ங்கிறது முன்னாடி வேலை பாத்தவன் என்ன நினைச்சான்னுதான் சொல்லும், உள்ள என்ன ஓடுதுன்னு மீட்டர்தான் சொல்லணும்.

அதுக்காக நீங்க கண்ட கலர்ல இழுத்துடாதீங்க. உங்களுக்கு அப்புறம் வர்றவனுக்கு அதுதான் முதல் தகவல். பச்சையை எர்த் தவிர வேற எதுக்கும் தொடவே தொடாதீங்க.

டெஸ்டர் எரியலை, அதனால கரண்ட் இல்லை

அந்தச் சின்ன நியான் டெஸ்டர் உங்க உடம்பு வழியா போற துளி கரண்ட்லதான் எரியுது. நல்லா காய்ஞ்ச மர ஏணியில ரப்பர் செருப்போட நின்னா மங்கலா எரியும், வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாது. டெஸ்டரே கெட்டுப் போயிருந்தாலும் எரியாது. கரண்ட் இருக்குன்னு தெரிஞ்ச ஒரு இடத்துல முதல்ல வச்சுப் பாருங்க, அப்புறம் வேலை பாக்கிற இடத்துல வைங்க, திரும்பவும் தெரிஞ்ச இடத்துல வைங்க. முதல்லயும் கடைசியிலயும் எரிஞ்சு, நடுவுல எரியாம இருந்தாத்தான் தொடணும்.

ரெகுலேட்டருக்கு நியூட்ரல் கொடுக்கிறது

ரெகுலேட்டர்ல ரெண்டு டெர்மினல் இருக்கிறதைப் பாத்ததும் ஒண்ணு ஃபேஸ், ஒண்ணு நியூட்ரல்னு நினைச்சுடுறாங்க. அப்படி இல்லை, சுவிட்சைத் தாண்டி வர்ற ஃபேஸ் ஒரு டெர்மினல்ல நுழைஞ்சு இன்னொண்ணு வழியா ஃபேனுக்குப் போகுது, நியூட்ரலுக்கு அங்க வேலையே இல்லை. நியூட்ரலைக் கொடுத்தா நடுவுல ஃபேனே இல்லாம ரெகுலேட்டர் நேரா சப்ளைக்குக் குறுக்க நிக்குது, ட்ரையாக்ங்கிற எலக்ட்ரானிக் பார்ட் வச்ச மாடலா இருந்தா திருப்பின உடனே வெடிச்சுடும். நான் பாத்திருக்கேன், முகத்துக்கு நேரா.

அதே மாதிரி பல்புக்கு இருக்கிற டிம்மரை ஃபேனுக்குப் போடாதீங்க. ஃபேன் மெதுவா சுத்துதுன்னு உடனே ரெகுலேட்டரையும் மாத்தாதீங்க, பெரும்பாலும் கெப்பாசிட்டர் தேய்ஞ்சிருக்கும், சீலிங் ஃபேன்ல நிறைய இடத்துல 2.5 மைக்ரோஃபாரட் இருக்கும், மேலயே எழுதியிருக்கும், அதே அளவைப் போடுங்க.

மாடிப்படி டூ-வேல காமன் டெர்மினலை மறக்கிறது

ஒரே லைட்டை மேலயும் கீழயும் இருந்து போட ரெண்டு சுவிட்ச், ஒவ்வொண்ணுலயும் மூணு டெர்மினல், அதுல காமன்ங்கிறது தட்டும்போது மத்த ரெண்டுல ஒண்ணோட மாறி மாறி சேர்றது. ஒரு சுவிட்சோட காமன்ல ஃபேஸ் வரணும், இன்னொண்ணோட காமன்ல இருந்து லைட்டுக்குப் போகணும், மிச்ச ரெண்டு டெர்மினலையும் ரெண்டு வயரால இணைக்கணும். எது காமன்னு ஊகிக்காதீங்க, எல்லா கம்பெனியிலயும் நடுவுலதான் இருக்கும்னு சொல்ல முடியாது, மீட்டரை கன்டினியூட்டில, அதாவது இணைப்பு இருக்கான்னு பாக்கிற செட்டிங்ல வச்சு சுவிட்சை மேல கீழ தட்டிப் பாருங்க.

வயர் மிச்சம் பண்றேன்னு ரெண்டு சுவிட்சுக்கும் தனித்தனியா ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்து நடுவுல லைட்டைப் போடுற பழைய வித்தை ஒண்ணு இருக்கு, கார்ட்டர் முறைன்னு சொல்வாங்க. அதுல லைட் அணைஞ்சிருக்கும்போது ரெண்டு வயர்லயும் ஃபேஸ் நிக்கிற நிலைமை வரும். அமெரிக்க விதிகள்ல 1923லயே தடை பண்ணிட்டாங்க. இன்னும் யாராவது சொல்லிக் கொடுத்தா கத்துக்காதீங்க.

பக்கத்து சர்க்யூட் நியூட்ரலைக் கடன் வாங்குறது

ஃபேஸ் ஒரு சர்க்யூட்ல, நியூட்ரல் இன்னொரு சர்க்யூட்ல எடுத்தா லைட் எரியும், ஆனா ரெண்டுக்கும் தனித்தனி ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா சப்ளையை வெட்டுற சுவிட்ச்) இருந்தா லைட்டைப் போட்டதும் அது விழும். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா இருக்கான்னு பாக்கிறதுதான் அதோட வேலை, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்குள்ளயே விழுந்துடும். அப்ப ஆர்சிசிபி கெட்டுப் போச்சுன்னு அதைக் கழட்டி நேரா கொடுக்கிறவங்களைப் பாத்திருக்கேன். உயிரைக் காப்பாத்த இருக்கிறது அது ஒண்ணுதான், தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க, நியூட்ரலைத் தேடுங்க.

ஸ்க்ரூவை அரைகுறையா முறுக்குறது

லூசா இருக்கிற இடத்துல சூடாகும், சூட்டுல இன்னும் லூசாகும், கடைசியில பிளாஸ்டிக் உருகின வாசனைதான் சொல்லும். முறுக்கினதும் ஒவ்வொரு வயரையும் பிடிச்சு ஒரு இழு இழுத்துப் பாருங்க. ஓட்டைக்குள்ள போகலைன்னு நாலு இழையை வெட்டி விடாதீங்க.

6 ஆம்ப் சுவிட்ச்ல கீசர்

2000 வாட் கீசர்னா 2000த்தை 230ஆல வகுங்க, 8.7 ஆம்ப் வரும். போடாதீங்க.

பைப்புக்குள்ள ஜாயிண்ட்

கூடாது. ஜாயிண்ட் வந்தா திறந்து பாக்கிற மாதிரி பாக்ஸ் வைங்க.

பிஎல்டிசி ஃபேனுக்கு ரெகுலேட்டர்

வேண்டாம், பிஎல்டிசி ஃபேன்ல வேகத்தை மாத்துற எலக்ட்ரானிக்ஸ் உள்ளயே இருக்கு, பழைய ரெகுலேட்டரை எடுத்துட்டு சுவிட்ச்ல இருந்து நேரா கொடுங்க.

போட்டோ எடுக்காம மூடுறது

அந்தத் தம்பி மூணு பாயிண்டையும் மாத்தி முடிச்சதுக்கு அப்புறம் போர்டை மூடுறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிறதைப் போட்டோ எடுக்கச் சொன்னேன், ஒவ்வொரு வயர்லயும் எந்த பாயிண்டுன்னு டேப் ஒட்டி எழுத வச்சேன். திரும்ப எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டு இந்தத் தடவை அவனையே ஏணியில ஏத்தினேன். ஆறு பாயிண்ட்லயும் டெஸ்டர் எரியலை. நான் சொல்லாமலே இறங்கி வந்து பிளக்ல ஒரு தடவை டெஸ்டரை வச்சுப் பாத்துட்டு, அது எரிஞ்சதும்தான் போர்டை மூடினான்.