மேட்டுப் பக்கத்துக் கூரைத் தண்ணீரை முதலில் கவனியுங்கள்

யாழ்ப்பாணம் சமதரை என்று நாம் சொல்லிக்கொண்டாலும், வளவின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஓர் அடி உயர்ந்திருந்தாலே போதும், மாரியில் தண்ணீர் வீட்டை நோக்கித்தான் வரும். 1,000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 900 லீற்றருக்கு மேல் தண்ணீர் இறங்குகிறது. அதில் மேட்டுப் பக்கத் தாழ்வாரத்தால் விழும் பங்கு சுவரடியிலேயே தேங்கி அத்திவாரத்துக்குள் ஊறும். தாழ்வாரத்தின் கீழே வரிசையாகச் சிறு குழிகளும், சுவரில் முழங்காலளவுக்குச் செம்மண் தெறித்த கறையும் இருந்தால், அந்தப் பக்கத்துக்குத்தான் முதலில் பீலி (கூரை விளிம்பில் தண்ணீரை ஏந்தும் வாய்க்கால்) பூட்ட வேண்டும்.

பீலிக்கு 20 அடிக்கு ஓர் அங்குலம் சரிவு போதும். வேப்பஞ்சருகும் முருங்கையிலையும் அதை அடைத்துவிடும் என்பதால், ஐப்பசிக்கு முன்னரே ஏறித் துப்புரவாக்குங்கள். இறங்குகுழாயைச் சுவரடியில் விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. வீட்டைச் சுற்றிப் பள்ளப் பக்கத்துக்குக் கொண்டுபோய், சல்லிக்கல் நிரப்பிய குழியில் விடுங்கள். நமது சுண்ணாம்புக்கல் நிலத்தின் வெடிப்புகளினூடாகத் தண்ணீர் விரைந்து கிணற்றைச் சேரும் என்பதால், அந்தக் குழி மலசலகூடக் குழிக்கு அருகில் இருக்கவே கூடாது.

மேட்டிலிருந்து நிலத்தால் ஓடிவரும் தண்ணீருக்குப் பீலி உதவாது. சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி, மண்வெட்டியால் ஆழமில்லாத வாய்க்கால் ஒன்றை வெட்டி, இரு பக்கமும் திருப்பிவிடலாம். அயலவரின் வேலிக்குள் மட்டும் திருப்பிவிடாதீர்கள்.