நம்ம ஏரியாவுல எங்கெங்க மழைத்தண்ணி நிக்குதுன்னு பைத்தான்ல மேப் போடுறது எப்படி

மழை விட்டு ரெண்டு நாள் ஆகியும் தண்ணி வடியாத இடம் எதுன்னு வட சென்னையில வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் யாரைக் கேட்டாலும் டக்குனு சொல்லிடுவாங்க, ஆனா அதை வெறும் மனுவா எழுதிக் கொடுத்தா பத்தோட பதினொன்னா போயிடும், அதையே மேப்ல புள்ளி வச்சு இந்த தெருவுல இவ்ளோ ஆழம், பக்கத்து கால்வாய் இவ்ளோ தூரம்னு காமிச்சா பேச்சே வேற மாதிரி போகும். இதுக்கு காசு கொடுத்து சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேணாம். பைத்தான் கொஞ்சம் தெரிஞ்சா போதும், லேப்டாப் சரியில்லன்னா கூகுள் கோலாப்ல பிரவுசர்லயே ஓட்டிக்கலாம். ஜியோபாண்டாஸ் (geopandas, இடக் கணக்குக்கு), ஃபோலியம் (folium, மேப் வரைய), ஓஎஸ்எம்என்எக்ஸ் (osmnx, கால்வாய் டேட்டா இறக்க)னு மூணு லைப்ரரி இன்ஸ்டால் பண்ணிக்கோங்க.

மொதல்ல டேட்டா. தண்ணி நிக்கிற இடத்துல நின்னு கூகுள் மேப்ஸ்ல அந்த இடத்தை அழுத்திப் புடிச்சா ரெண்டு நம்பர் வரும், மொதல்ல லேட்டிட்யூட், அப்புறம் லாங்கிட்யூட். நம்ம பக்கம்னா 13.1, 80.3 கிட்ட இருக்கும். அதை ஷீட்ல போடுங்க, கூடவே தெரு பேரு, தேதி, ஆழம். ஆழத்துக்கு டேப் வச்சு அளக்கணும்னு இல்ல, கணுக்கால், முட்டி, இடுப்புன்னு எழுதினாலே போதும், எல்லாரும் ஒரே மாதிரி எழுதணும், அவ்ளோதான். புள்ளிக்கு அப்புறம் 5 டிஜிட் இருந்தா கிட்டத்தட்ட 1 மீட்டர் கணக்கு, அதுக்கு மேல வேண்டியதில்ல, ஏன்னா திறந்த வெளியிலயே ஃபோன் ஜிபிஎஸ் 5 மீட்டர் அப்படி இப்படித்தான் காட்டும், சந்துக்குள்ள ரெண்டு பக்கமும் மாடி வீடா இருந்தா இன்னும் தள்ளிப் போகும். அதனால இது எந்த வீட்டு வாசல்னு மேப்பை மட்டும் வச்சு யார்கிட்டயும் வாதாடாதீங்க. எக்ஸெல்ல சேவ் பண்றவங்க சிஎஸ்வி யூடிஎஃப்-8 ஆப்ஷனைத்தான் எடுக்கணும், இல்லன்னா தமிழ்ப் பேரெல்லாம் கேள்விக்குறியா மாறிடும்.

இப்ப சிஎஸ்வியை பாண்டாஸ்ல (pandas, டேபிள் படிக்கிற லைப்ரரி) படிச்சு, ஜியோபாண்டாஸ்ல இருக்கிற பாயின்ட்ஸ் ஃப்ரம் எக்ஸ்ஒய் (points_from_xy) ஃபங்ஷனுக்கு குடுக்கணும். இங்கதான் நெறைய பேர் மாட்டுறாங்க. இந்த ஃபங்ஷன் எக்ஸ் மொதல்ல கேக்கும், எக்ஸ்னா லாங்கிட்யூட், அதாவது 80 மொதல்ல, 13 அப்புறம். ஜியோஜேசன்னு (GeoJSON) மேப் டேட்டா வைக்கிற ஃபைலும் இதே வரிசைதான். ஆனா ஃபோலியம் 13 மொதல்ல கேக்கும். மாத்திக் குடுத்தா எரர் எதுவும் வராது, அமைதியா ஓடிடும், உங்க தண்டையார்பேட்டை புள்ளி மட்டும் நார்வேக்கு வடக்க ஸ்வால்பார்ட் தீவு தாண்டி ஆர்க்டிக் கடல்ல போய் உக்காந்திருக்கும். அதனால எல்லாத்தையும் ஏத்தறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு இடத்தை, கணேசபுரம் சப்வேன்னு வச்சுக்கோங்க, அது ஒன்னை மட்டும் போட்டு சரியா விழுதான்னு பாருங்க.

அடுத்தது சிஆர்எஸ், அதாவது இந்த நம்பரெல்லாம் எந்த அளவு முறையில இருக்குன்னு சொல்றது. இதை அவசரமா தாண்டாதீங்க, முழு வேலையும் இதுமேலதான் நிக்குது. ஒவ்வொரு அளவு முறைக்கும் இபிஎஸ்ஜின்னு (EPSG) ஒரு நம்பர் உண்டு. ஃபோன்ல வர்ற லேட் லாங் இபிஎஸ்ஜி 4326, அது டிகிரி. டிகிரியில தூரம் கேட்டா 0.004ன்னு ஏதோ பதில் வரும், அதை வச்சு ஒன்னும் பண்ண முடியாது. பூமியைப் பட்டை பட்டையா பிரிச்சு மீட்டர்ல அளக்கிற யூடிஎம் (UTM) முறையில சென்னை 44 வடக்கு ஸோன்ல வருது, அதோட நம்பர் இபிஎஸ்ஜி 32644, அது மீட்டர்ல. செட் சிஆர்எஸ்னு (set_crs) ஒன்னு இருக்கு, டு சிஆர்எஸ்னு (to_crs) ஒன்னு இருக்கு, ரெண்டும் வேற வேற. செட் வெறும் லேபிள் ஒட்டும், நம்பரைத் தொடாது. டு தான் நெஜமாவே கணக்குப் போட்டு மாத்தும். மொதல்ல 4326ன்னு செட் பண்ணுங்க, அப்புறம் 32644க்கு டு பண்ணுங்க. டிகிரி நம்பர் மேல நேரா 32644ன்னு லேபிள் ஒட்டினா எல்லாப் புள்ளியும் பூமத்திய ரேகை கிட்ட இந்தியப் பெருங்கடல்ல ஒன்னு மேல ஒன்னா குவிஞ்சு கெடக்கும்.

கால்வாய் எல்லாம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல இருந்து வரும், அது யார் வேணா சேத்து யார் வேணா எடுத்துக்கிற இலவச மேப். ஓஎஸ்எம்என்எக்ஸ்ல ஃபீச்சர்ஸ் ஃப்ரம் பாயின்ட் (features_from_point) ஃபங்ஷன்ல 13.12, 80.28 குடுத்து சுத்தி 4000 மீட்டர் தூரம், டேக் வாட்டர்வேன்னு கேட்டா பக்கிங்ஹாம் கால்வாய் மாதிரி பெருசு எல்லாம் கோடா வந்துடும். கோடு மட்டும் ஃபில்டர் பண்ணி வச்சுக்கிட்டு அதையும் 32644க்கு மாத்திடுங்க. அப்புறம் எஸ்ஜாயின் நியரஸ்ட் (sjoin_nearest) ஒரே வரிதான், அதுல distance_col-க்கு ஒரு பேரும் குடுத்துட்டா ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த கால்வாய் கிட்ட இருக்கு, எத்தனை மீட்டர்னு புது காலம் (column) வந்துடும்.

ஆனா அது காக்கா பறக்கிற தூரம். நடுவுல ரயில்வே லைன் மேடு குறுக்க நின்னா கால்வாய் 200 மீட்டர்ல இருந்தும் தண்ணி அங்க போகாது, வியாசர்பாடி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். அதனால ரயில்வே லைனையும் அதே மாதிரி இறக்கி, புள்ளிக்கும் கால்வாய்க்கும் நடுவுல லைன் வருதான்னு பாத்து அதையும் தனி காலமா வைங்க. என்னைக் கேட்டா தூரத்தை விட இந்த காலம்தான் முக்கியம்.

மேடு பள்ளம் பாக்கணும்னு எஸ்ஆர்டிஎம்னு (SRTM) விண்வெளி ஓடத்துல இருந்து ரேடார்ல எடுத்த உயர டேட்டாவை சில பேர் இறக்குவாங்க. தெரு லெவலுக்கு அது வேணாம். ஒரு கட்டம் கிட்டத்தட்ட 30 மீட்டர், அதுவும் 2000-ல எடுத்தது, ரேடார் தரையை மட்டும் பாக்காது, கூரையையும் சேத்துதான் பாக்கும். கடலோரமா தட்டையா கெடக்கிற நம்ம ஊர்ல அந்த டேட்டாவோட பிழையே தெருவுக்குத் தெரு இருக்கிற உயர வித்தியாசத்தை முழுங்கிடும்.

வார்டு வாரியா எண்ணணும்னா வார்டு எல்லை ஃபைல் வேணும், அதை எஸ்ஜாயின் (sjoin) பண்ணி, அதாவது எந்தப் புள்ளி எந்த வார்டுல விழுதுன்னு சேத்து, குரூப்பை (groupby) போட்டா முடிஞ்சுது. ஃபைலை இறக்கினதும் மொத்தம் எத்தனை வார்டுன்னு பாருங்க. 155ன்னு வந்தா அது 2011-க்கு முந்தின பழைய எல்லை, திருவொற்றியூர், மணலி, மாதவரம் எதுவும் உள்ள இருக்காது, தூக்கிப் போடுங்க. இப்ப 200 வார்டு. கலர் அடிக்கும்போது வெறும் எண்ணிக்கைக்கு அடிக்காம சதுர கிலோமீட்டருக்கு எத்தனைன்னு வகுத்து அடிங்க, இல்லன்னா பெரிய வார்டு சும்மாவே கருப்பா தெரியும்.

படத்தை மேட்பிளாட்லிப்னு (matplotlib) படம் வரையுற லைப்ரரியில தமிழ் லேபிளோட போட்டா ஃபான்ட் சரியா குடுத்தும் பல வெர்ஷன்ல கொம்பு இடம் மாறி கொருக்குப்பேட்டை பாக்கவே சகிக்காது. ஃபோலியம்ல போட்டா பிரவுசர் வரையுது, அதனால எழுத்து ஒழுங்கா வரும். திரும்ப 4326க்கு மாத்திட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் சர்க்கிள்மார்க்கர் போடுங்க, பாப்அப்ல தெரு பேரும் ஆழமும். சர்க்கிள்னு இன்னொன்னும் இருக்கு, அதோட ரேடியஸ் மீட்டர்ல, சர்க்கிள்மார்க்கரோடது பிக்சல்ல. புள்ளிக்கு பிக்சல்தான் சரி, ஜூம் பண்ணாலும் அதே சைஸ்ல இருக்கும். ஹெச்டிஎம்எல்லா சேவ் பண்ணி வாட்ஸ்ஆப் குரூப்ல அனுப்பிடலாம், தெறக்கிறவங்க ஃபோன்ல நெட் இருந்தா மட்டும் மேப் தெரியும்.

வீட்டுக்குள்ள தண்ணி வந்தவங்க லிஸ்ட் வச்சு போடுறதா இருந்தா வெளிய அனுப்புற மேப்ல 3 டிஜிட்டோட நிறுத்திக்கோங்க, 100 மீட்டர் கணக்குல போயிடும், யார் வீடுன்னு தெரியாது. பேரு, ஃபோன் நம்பர் காலம் ஹெச்டிஎம்எல்லுக்குள்ள போகவே கூடாது, பாப்அப்ல காட்டலன்னாலும் ஜியோஜேசன் லேயரா போட்டிருந்தா ஃபைலுக்குள்ள அப்படியே இருக்கும்.

மேப் கீழ இருக்கிற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பேரை எடுத்துடாதீங்க, அவங்க லைசென்ஸ்படி அது இருந்தாகணும். உங்க தெரு முனையில இருக்கிற சின்ன மழைநீர் கால்வாய் அதுல இல்லன்னா அக்கவுன்ட் தொடங்கி நீங்களே கோடு வரைஞ்சு சேருங்க, அடுத்த தடவை இதே புரோகிராமை ஓட்டும்போது அதுவும் சேந்து வரும்.